வாயிற்காவலன் எங்கே போனான்?

(மயிலாப்பூரில் ஒரு மாலை நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



போன மார்கழியில் இதே மயிலாப்பூரில் ஒரு கச்சேரி கேட்டேன். பாடியவர் பெயர் வேண்டாம். நன்றாகவே பாடினார். பிரதான உருப்படி கல்யாணி. ஆலாபனை முடிந்து, தியாகராஜரின் 'வாசுதேவயனி'. நிரவல், ஸ்வரம், கோர்வை எல்லாம் கச்சிதம். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் வழக்கப்படி பாதி சபை கேண்டீனுக்கு எழுந்து போனது. பக்கத்து நாற்காலி மாமி போகவில்லை. நாற்பது வருஷமாக சபா சபாவாகக் கேட்கிறவர். ஆரம்பித்த இரண்டாவது பிடியிலேயே ராகம் சொல்லிவிடுவார். அவரிடம் மெல்லக் கேட்டேன்: "மாமி, இந்தப் பாட்டில் வருகிறவர் யார்?"

"வாசுதேவன்தான், வேற யாரு?"

இல்லை. அந்தப் பாட்டில் வருகிறவன் ஒரு வாயிற்காவலன். காவித் தண்ணீரில் நனைத்த வேட்டி கட்டி, நெற்றியில் ஸ்ரீசூர்ணம் இட்டு, கையில் பொன் கோல் பிடித்து, வாசுதேவன் பெயரைச் சொல்லிக்கொண்டே சபையைச் சுற்றி வருகிறான். அவன் மேடைக்குள் நுழைவதைக் கூட்டத்துக்கு அறிவிக்கிற பாட்டு அது. பிரகலாத பக்தி விஜயம் என்ற இசை நாடகத்தின் தொடக்கத்தில் வருகிறது. கூத்தில் கட்டியக்காரன் செய்கிற வேலைதான். இன்றைக்கு அவன் வேலையும் போய்விட்டது, நாடகமும் போய்விட்டது. சுற்றி வர ஒரு சபை மட்டும் மிச்சம் இருக்கிறது. அதிலும் பாதிப் பேர் காபி குடிக்கப் போயிருக்கிறார்கள்.

இன்றைக்கு எனக்குக் கொடுத்த தலைப்பு 'ஓபரா: தோற்றமும் வளர்ச்சியும்'. இந்த வாயிற்காவலனை விட்டுவிட்டு அதைப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஓபரா பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் அதை வெளிநாட்டுச் சரக்கு என்றே நினைக்கிறோம். கொழுத்த பெண்மணி ஒருத்தி உச்சஸ்தாயியில் கத்துவாள், கண்ணாடி டம்ளர் உடையும், இதுதான் நம் சினிமா நமக்குக் காட்டிய ஓபரா. ஆனால் கதையை ஆரம்பம் முதல் முடிவு வரை பாடியே நடத்துவதுதான் ஓபரா என்றால், அது நம் தெருவிலும் பிறந்தது. அதுவும் ஏறக்குறைய அதே காலத்தில்.

முதலில் அவர்கள் கதை. இத்தாலியில் பிளாரன்ஸ் நகரம், 16ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. பார்டி என்ற பிரபுவின் வீட்டில் கவிஞர்களும் பாடகர்களும் படித்தவர்களும் கூடிப் பேசுவார்கள். நம் ஊர் வித்வத் சபை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒருவர் வின்சென்சோ கலிலேய். தந்தி வாத்தியக்காரர். தொலைநோக்கி வழியாக வானத்தைப் பார்த்த கலிலியோவின் அப்பா. இவர்களுக்கு ஒரு ஆதங்கம்: பழைய கிரேக்கர்கள் துன்பியல் நாடகத்தை முழுக்கப் பாடியே நடத்தினார்களாம், கேட்டவர்கள் கதறினார்களாம், நம் சங்கீதத்துக்கு ஏன் அந்தச் சக்தி இல்லை? நாலைந்து குரல் ஒரே நேரத்தில் நாலைந்து மெட்டுப் பாடினால் வார்த்தை எப்படிப் புரியும்? ஒரே குரல் பாடட்டும், பேச்சும் பாட்டும் கலந்த நடையில் பாடட்டும் என்று முடிவு செய்தார்கள். கிரேக்கர்கள் நிஜமாகவே வசனம் முழுவதையும் பாடினார்களா என்றால், அறிஞர்கள் இன்று அப்படிச் சொல்வதில்லை. ஆக, ஒரு தப்புக் கணக்கில் பிறந்த கலை அது. பிறந்தது நன்றாகவே பிறந்தது.

யாக்கோப்போ பேரி என்பவர் 'தாப்னே'வுக்கு இசை அமைத்தார். அதில் பெரும்பகுதி தொலைந்துவிட்டது. அடுத்து அவர் செய்த 'யூரிடிசே' 1600இல் ஒரு கல்யாண விருந்தில் அரங்கேறியது. பிரான்ஸ் அரசர் நான்காம் ஹென்றிக்கும் மரியா தே மெதிச்சிக்கும் கல்யாணம். நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய முழு ஓபரா இதுதான். அதே வருஷக் கடைசியில்தான் லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாசனம் கிடைத்தது என்பதை இந்த ஊரில் நின்றுகொண்டு சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1607இல் மாண்டுவா நகரில் மாண்டவெர்தியின் 'ஓர்பேயோ'. செத்துப்போன மனைவியைத் தன் பாட்டால் மீட்டு வரப் பாதாளத்துக்கே போகிறான் ஒரு பாடகன். இந்த நாடகத்தின் தொடக்கத்தில் யார் வருகிறார் தெரியுமா? 'இசை' என்ற பெண். வந்து, நான் இன்னார், இப்போது இந்தக் கதையைச் சொல்லப்போகிறேன் என்று சபைக்கு அறிவிக்கிறாள். நம் வாயிற்காவலனுக்கு அக்கா முறை.

மாண்டவெர்தியிடம் இன்னொரு சங்கதி இருக்கிறது, அதற்குப் பின்னால் வருகிறேன்.

1637இல் வெனிஸில் சான் கஸ்ஸியானோ என்ற அரங்கம் காசு கொடுத்தவர் எவரும் வரலாம் என்று கதவைத் திறந்தது. அதுவரை அரண்மனைக் கல்யாணச் சோறாக இருந்த ஓபரா அன்று முதல் டிக்கெட்டுக் கலையாயிற்று.

அந்த வருஷம் தஞ்சாவூரில் யார் ஆண்டார்? விஜயராகவ நாயக்கர். அவரே நாடகம் எழுதினார். அவர் சபையில் இருந்த ரங்காஜம்மா என்ற பெண் 'மன்னாருதாச விலாசம்' எழுதினார். யட்சகானம் என்று பெயர். தெலுங்கில், பாட்டும் ஆட்டமுமாக, அரண்மனைப் பெண்களே நடித்தார்கள். பிறகு மராட்டியர் காலம். ஷாஹஜி மன்னர் 'பல்லகி சேவா பிரபந்தம்' எழுதினார். திருவாரூர்த் தியாகேசர் மேல். அடுத்த தலைமுறைகளில் மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரியின் பாகவத மேள நாடகங்கள். நரசிம்ம ஜயந்தியை ஒட்டி இன்றும் மெலட்டூரில் ராத்திரி முழுக்க நடக்கின்றன. பெண் வேஷமும் ஆண்களே போடுவார்கள். 17ஆம் நூற்றாண்டு இத்தாலியிலும் கதாநாயகன் குரல் பெரும்பாலும் பெண் ஸ்தாயியில்தான் இருந்தது. அதற்காகச் சிறு பையன்களுக்கு அங்கே செய்த கொடுமை வேறு. அதை இங்கே விவரிக்க வேண்டாம்.

இந்தத் தஞ்சாவூர்ப் பரம்பரையை ஓபரா என்று பெயர் சொல்லியே அழைத்தவர் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி. சென்னைப் பல்கலைக்கழகத்து இசைத் துறையில் இருந்தவர். ஜெர்மனிக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவர். மேல்நாட்டுப் பெயரை ஒட்டினால்தான் நம் சரக்குக்கு மதிப்பா என்று சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கென்னவோ அவர் செய்தது சரி என்றே படுகிறது. பெயர் வைத்தால்தான் காணாமல் போனதைத் தேட முடியும்.

இனி தமிழுக்கு வருவோம். சீர்காழி அருணாசலக் கவிராயர், 1711 முதல் 1779 வரை. கம்பனை மனப்பாடமாக வைத்திருந்தவர். இராம கதை முழுவதையும் பாட்டாக்கினார். மெட்டமைக்க சட்டநாதபுரத்து வேங்கடராமையர், கோதண்டராமையர் என்று இரண்டு சீடர்கள் உதவினார்கள். ஸ்ரீரங்கத்தில் அரங்கேறிய அந்த இராம நாடகத்துக்கு நம் சென்னையில் ஆதரவு கொடுத்தவர் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார். கவர்னர் பிகட்டுக்கு துபாஷாக இருந்த பெரும் செல்வர்.

இராம நாடகத்தைப் புரட்டிப் பாருங்கள். விருத்தம், திபதை, கொச்சகம், வசனம், தரு என்று மாறி மாறி வரும். இதில் விருத்தத்தைக் கவனியுங்கள். தாளம் கிடையாது. சொல் முன்னே போகும், ராகம் பின்னாலேயே போகும். கதை நகர்வது அதில்தான். மனசு பொங்கும் இடம் வந்தால் தாளத்தோடு தரு. பிளாரன்ஸ்காரர்கள் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்த நடையும் இதேதான். அவர்கள் விருத்தத்துக்கு ரெசிடடிவ் என்றார்கள், தருவுக்கு ஆரியா என்றார்கள். யாரும் யாரிடமிருந்தும் வாங்கவில்லை. நீளமான கதையைப் பாடியே சொல்லவேண்டும் என்று உட்கார்ந்தால் எந்த ஊர்க்காரனுக்கும் இந்த இரண்டும் தேவைப்படும்.

'யாரோ இவர் யாரோ' இந்த நாடகத்துப் பாட்டு. மிதிலையில் கன்னிமாடத்தில் நின்றவளைப் பார்த்து இராமன் பாடுவது. பாடுவது இராமனா சீதையா என்று இந்த அரங்கில் கைதூக்கச் சொன்னால் பாதிக்குப் பாதி வரும் என்று பந்தயம் கட்டுவேன். பைரவி ராகம் மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

இப்போது நந்தனார். இதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழில் உண்டான இசை நாடகங்களில் மிகப் பெரியது இதுதான் என்பது என் கட்சி.

கோபாலகிருஷ்ண பாரதியார் இதை மேடை நாடகமாக எழுதவில்லை, கதாகாலட்சேபத்துக்காக எழுதினார். அதாவது ஒரே ஆள் நந்தனாகவும் வேதியராகவும் சேரிப் பெரியவராகவும் குரல் மாற்றிப் பாடும் ஓபரா. சேக்கிழாரின் பெரிய புராணத்தில் நந்தனாருக்கு எதிராளி கிடையாது. சிதம்பரம் போகவேண்டும் என்ற ஏக்கமும், போக முடியாத குலமும், அவ்வளவுதான். பாரதியார் என்ன செய்தார்? ஒரு பண்ணையார் வேதியரைப் புதிதாகப் படைத்தார். போகவா என்று நந்தன் கேட்கிறான், போகாதே என்று வேதியர் தடுக்கிறார். கேட்கிறவனுக்கு ஒரு ராகம், மறுக்கிறவனுக்கு ஒரு ராகம். அந்த நொடியில் புராணம் நாடகமாகிவிட்டது. அறுவடையை முடித்துவிட்டுப் போ என்று வேதியர் நிபந்தனை போடும் இடத்தில் கூலிக்காரனின் வாழ்க்கை முழுவதும் வந்துவிடுகிறது. சிதம்பரத்து எல்லையில் நின்று, உள்ளே வரலாமா என்று அவன் கேட்கும் 'வருகலாமோ' மாஞ்சி ராகத்தில். மாஞ்சி பைரவிக்கு மிக அருகில் இருக்கும் ராகம். ஒரு அடி தள்ளி வைத்தால் பைரவிக்குள் போய்விடும். எல்லைக்கோட்டில் நிற்பவனுக்கு எல்லைக்கோட்டு ராகம். பாரதியார் யோசித்துத்தான் செய்தாரா என்று கேட்காதீர்கள். கேட்டால் நெஞ்சு அடைக்கிறது, அது போதும்.

நூலுக்குச் சிறப்புப்பாயிரம் வாங்க மாயூரத்தில் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போனார். பிள்ளைக்கு இலக்கணப் பிழைகள் உறுத்தின. இன்று நாளை என்று தள்ளிக்கொண்டே வந்தார். ஒருநாள் பாரதியார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்தப் பாட்டுகளைப் பாட ஆரம்பித்தார். உள்ளே இருந்து கேட்ட பிள்ளை உருகிப்போய்ப் பாயிரம் எழுதிக் கொடுத்தார். உ.வே. சாமிநாதையர் எழுதி வைத்திருக்கும் நிகழ்ச்சி. மாண்டவெர்தி பற்றிப் பின்னால் சொல்கிறேன் என்றேனே, இதுதான். அர்த்தூசி என்ற இலக்கணக்காரர் 1600இல் மாண்டவெர்தியின் பாட்டுகளில் சங்கீத இலக்கணப் பிழைகளை எண்ணி எண்ணிப் புத்தகம் போட்டார். மாண்டவெர்தி தரப்பின் பதில், சொல்தான் எஜமானி, ஸ்வரம் அவளுக்கு வேலைக்காரி என்பது. நம் பாரதியார் பதில் புத்தகம் போடவில்லை. திண்ணையில் உட்கார்ந்து பாடினார்.

நந்தன் சரித்திரத்தை அச்சேற்ற உதவியவர் காரைக்காலில் இருந்த சிசே என்ற பிரெஞ்சு அதிகாரி. வருஷம் 1861. இதையெல்லாம் புகழ்ந்து பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் யோக்கியன் இல்லை. நந்தன் கடைசியில் நெருப்பில் இறங்கித்தான் கோயிலுக்குள் போகிறான். கண்ணில் நீர் வரக் கேட்ட சபையில் எத்தனை பேர் அடுத்த நாள் சேரிக்காரனை வாசலுக்குள் விட்டார்கள்? அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட 'தீண்டப்படாதார்' பற்றிய நூலை மூன்று பேருக்குக் காணிக்கையாக்கினார். ரவிதாசர், சோகாமேளா, மூன்றாவது நம் நந்தனார். பாட்டாகக் கேட்கப்பட்டவனை அவர் ஆளாகப் பார்த்தார்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நமக்கும் டிக்கெட்டு வந்தது. பார்சி கம்பெனிகள் ஊர் ஊராக வந்தன. திரைச்சீலையும் ஆர்மோனியமும் கூடவே வந்தன. சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சுகுண விலாச சபை தொடங்கி வசன நாடகத்தின் பக்கம் போனார். தெற்கே சங்கரதாஸ் சுவாமிகள், 1867இல் தூத்துக்குடியில் பிறந்தவர், பாட்டு நாடகத்தையே பிடித்துக்கொண்டார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி. அவரிடம் பயின்ற பையன்கள்தான் பிற்பாடு தமிழ் மேடையை ஆண்டார்கள்.

கம்பெனி மேடையின் சிகரம் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா. அவரோடு கே.பி. சுந்தராம்பாள். மைக் கிடையாது. கடைசித் தரை டிக்கெட்டுக்காரன் வரை குரல் போகவேண்டும். கதை எங்கேயோ இருக்கும், கிட்டப்பா நடுவே 'எவரனி' பாடுவார். தேவாமிர்தவர்ஷிணி மழையாகக் கொட்டும். கூட்டம் ஒன்ஸ்மோர் என்று கத்தும். திரும்பப் பாடுவார். நாடகத்தைக் கெடுத்தார் என்று பண்டிதர்கள் குறை சொன்னார்கள். இத்தாலியில் இதற்குப் பெயரே உண்டு: பெட்டிப் பாட்டு. பெரிய பாடகர்கள் தங்களுக்குப் பிடித்த பாட்டை டிரங்குப் பெட்டியில் சுமந்து, எந்த ஊர் எந்த ஓபராவானாலும் நடுவில் செருகுவார்கள். ஒன்ஸ்மோர் தொல்லையும் அங்கே உண்டு. 1786இல் மொசார்ட்டின் 'பிகாரோ' வியன்னாவில் அரங்கேறியபோது ஒன்ஸ்மோர்களால் நாடகம் நீண்டுகொண்டே போய், ஒருவருக்கு மேல் சேர்ந்து பாடும் பாட்டை மறுமுறை பாடக்கூடாது என்று சக்கரவர்த்தி இரண்டாம் ஜோசப் உத்தரவு போட்டார். நம் ஊரில் உத்தரவு போட ஆள் இல்லை. கிட்டப்பா 1933இல் 27 வயதில் மறைந்தார். சுந்தராம்பாள் 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார். ஒரு பெண், ஆண் வேஷம், ஒரு லட்சம் ரூபாய் சம்பளம். வேதியராக வந்தவர் மகாராஜபுரம் விஸ்வநாதையர். அந்த ஜோடியை எந்த ஓபரா அரங்கும் வாரி எடுத்துக்கொண்டிருக்கும்.

பிறகு சிதறல் ஆரம்பித்தது. மூன்று வாரிசுகள் பங்கு பிரித்தார்கள்.

சினிமா கதையை எடுத்துக்கொண்டது. 1934இல் 'பவளக்கொடி' எடுக்கப்பட்டது இங்கே பக்கத்தில், அடையாறு மீனாட்சி சினிடோனில். பிற்காலத்துச் சத்யா ஸ்டூடியோ இருந்த இடம், இன்றைக்கு எம்.ஜி.ஆர்.-ஜானகி கல்லூரி. எம்.கே. தியாகராஜ பாகவதர் சூரிய வெளிச்சத்தில் நின்று பாடினார். சுமார் 50 பாட்டு. மயிலாப்பூர் மாட வீதிகளில் மார்கழி பஜனை நடத்திய பாபநாசம் சிவன் பாட்டெழுதினார். அது கேமரா வைத்த ஓபராதான். 1938இல் 'நந்தகுமார்' படத்தில் பின்னணிக் குரல் வந்தது. முகம் ஒருவருடையது, தொண்டை இன்னொருவருடையது. பாடி நடிப்பவனின் பிழைப்பு அன்றே ஆட்டம் கண்டது.

நாட்டியம் உடலை எடுத்துக்கொண்டது. ருக்மிணி தேவி 1944இல் அடையாறில் குற்றாலக் குறவஞ்சியை மேடையேற்றினார். வீணை கிருஷ்ணமாச்சாரியார் இசை. பிறகு கலாக்ஷேத்ராவில் இராமாயணம் ஆறு நாடகங்களாக விரிந்தது. மைசூர் வாசுதேவாச்சார் முதுமையில் அதற்கென்றே வந்து உட்கார்ந்து இசை அமைத்தார். அழகுக்குக் குறைவில்லை. ஆனால் அங்கேயும் ஆடுபவர் வாய் திறப்பதில்லை, பாடுபவர் மேடை ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

கச்சேரி பாட்டை எடுத்துக்கொண்டது. தமிழிசை இயக்கம் புண்ணியத்தில் அருணாசலக் கவிராயரும் கோபாலகிருஷ்ண பாரதியாரும் மேடைக்குத் திரும்பி வந்தார்கள். ஆனால் பெரும்பாலும் தனி ஆவர்த்தனத்துக்குப் பின்னால், துக்கடாவாக. நந்தன் சிதம்பரத்துக்கு வெளியே நின்றான். இப்போது பிரதான உருப்படிக்கு வெளியே நிற்கிறான்.

மூன்றும் சேர்ந்தே இருக்கும் இடம் தமிழ்நாட்டில் உண்டா? உண்டு, ஆனால் சென்னையில் இல்லை. புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்துத் திருவிழாவில் வள்ளி திருமணம் பார்த்தேன். ஸ்பெஷல் நாடகம். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்த்ரீபார்ட் ஓர் ஊர், பபூன் இன்னோர் ஊர். ஒத்திகை கிடையாது. சாயங்காலம் வேனில் வந்து இறங்கி, ஆர்மோனியக்காரரிடம் சுருதி சொல்லிவிட்டு மேக்கப் போட உட்கார்ந்தார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம். அவர் ஒரு பாட்டில் மடக்க, அந்தப் பெண் அதே மெட்டில் திருப்பி அடிக்க, முக்கால் மணி நேரம். வள்ளி சொன்ன பதிலுக்குப் பாயில் படுத்திருந்த ஒரு கிழவர் எழுந்து உட்கார்ந்து, "கேளு, இன்னும் கேளு" என்றார். அவருக்கு ராகம் தெரியுமோ தெரியாதோ, யார் பாடுகிறார், ஏன் பாடுகிறார் என்பது தெரியும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. தியாகராஜரின் நௌகா சரித்திரம் இருக்கிறது. யமுனையில் கண்ணனும் கோபியரும் படகு ஏறுகிறார்கள். கோபியருக்குக் கர்வம் வருகிறது, புயல் வருகிறது, படகில் ஓட்டை விழுகிறது. பாகவதத்தில் இல்லாத கதை. மொத்தமே 21 பாட்டு. ஒரு மாலைக்குள் முடியும். மார்கழியில் இந்த மயிலாப்பூரிலும் தி. நகரிலும் ஒரு நாளைக்கு எத்தனை கச்சேரி நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஏதாவது ஒரு சபா ஒரே ஒரு மாலையை ஒதுக்கி, பாடத் தெரிந்த ஏழெட்டு இளைஞர்களைப் படகில் ஏற்றி, அந்த 21 பாட்டையும் வரிசை மாறாமல், எழுந்து நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பாடச் சொல்லட்டும். செட்டு வேண்டாம், பட்டுத் திரை வேண்டாம். இரண்டு மூங்கில் போதும் படகுக்கு.

இந்த அரங்கில் சபா காரியதரிசிகள் மூன்று பேர் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரிகிறது. புத்தகம் என் பையில்தான் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் வாசலில் நிற்கிறேன். தயவுசெய்து பின்வாசல் வழியாகப் போய்விடாதீர்கள்.